குதிரையை விட்டு இறங்காத கவுன்சிலர்

அக்கா, அந்த ஆட்டுக் கொட்டகை மேல் தலைகீழாகக் கிடக்கிறாளே ஒருத்தி, கையில் வாளோடு, அது யார் என்று தெரிகிறதா உங்களுக்கு? ஜன்னல் வழியாக நன்றாக எட்டிப் பாருங்க. கேட் போட்டாச்சு. இனி ரயில் வந்து போனால்தான் பஸ் நகரும், அவசரமே இல்லை. பிளக்ஸ் பேனர்தான். ஒன்றரை வருஷ வெயிலில் சாயம் போய்விட்டது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க மூக்கு மேல் செங்கல் வைத்திருக்கிறார்கள்.

தெரியவில்லையா? அது நான்தான்.

சிரிக்காதீங்க அக்கா. முகம் நான் இல்லை. முகம் ஏழரை மணி டப்பிங் சீரியலில் ரஸியா சுல்தானாவாக நடித்த பெண். ஆனால் பேனர் என்னுடையது. பேரைப் படிங்க, தலைகீழாக இருந்தாலும் எழுத்து பெரிசு: எட்டாவது வார்டு வேட்பாளர் ஜெய்புன்னிஷா. நான்தான் ஜெய்புன்னிஷா. ஓரத்தில் வட்டத்துக்குள் கும்பிடு போட்டுச் சிரிக்கிறாரே மீசைக்காரர், அவர் என் வீட்டுக்காரர் உதுமான். வேட்பாளர் நான், கும்பிடுவது அவர், குதிரை மேல் இருப்பது அவள். ஒரு பதவிக்கு மூணு பேர்.

எப்படி என்று கேட்கிறீங்களா? எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மச்சான் அந்த வார்டில் நிற்கப் பத்து வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தவர். புருஷனை நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண வீடு, மய்யத்து வீடு, காது குத்து, சடங்கு, யார் வீட்டு விசேஷத்தையும் விட்டதில்லை. மெத்தைக் கடை வைத்திருக்கிறார். ஒதுக்கீடு வந்த செய்தி கேட்டதும் கடையில் இருந்த ஒரு மெத்தையில் குப்புறப் படுத்தவர் சாயங்காலம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தார். வீட்டுக்கு வந்தார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என்னையே பார்த்தார்.

"ஜெய்பு, உனக்கு எத்தனை வயசு?" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துக் கேட்கிறார்!

"இருபத்தேழு" என்றேன்.

"போதும்" என்றார்.

அப்படித்தான் நான் அரசியலுக்கு வந்தேன். எனக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாது அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேனர் அடிக்க வேண்டும் என்றதும் மச்சானுடைய உம்மா, என் மாமி, ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "வீட்டுக்கு வந்த புள்ள முகத்தை முக்குக்கு முக்கு கட்டித் தொங்கவிடுவியளா? காக்கா எச்சம் போடும்ல?" சரி, முகம் வேண்டாம். அப்போ பேனரில் அவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்குமே? மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு தென்காசியில் பிளக்ஸ் கடைக்குப் போனார். அங்கே குமரேசன் என்று ஒரு பையன், கம்ப்யூட்டரைத் தட்டுகிற கை வேறு, டீ குடிக்கிற கை வேறு. அவன் யோசிக்கவே இல்லை.

"ராணி படம் போட்டுருவோம்ணே. பொம்பள வேட்பாளர்னா ஊரு பூரா ராணிதான் போடுதோம். எங்கிட்ட நாலு ராணி இருக்கு. மூணு உங்களுக்கு ஆகாது, வேற ஆளுக. இந்தா இது ஒண்ணுதான் உங்க ராணி."

தட்டினான். குதிரை வந்தது. குதிரை மேல் அவள் வந்தாள். கண்ணில் அரை டப்பா மை, நெற்றியில் சுட்டி, முக்காடு கொடி மாதிரிப் பின்னால் பறக்கிறது. கையில் வாள். பின்னால் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் மங்கலாக நிற்கிறான். மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "ரஸியா சுல்தானால்லா! உம்மா ஒரு நாள் விடாம பாக்குமே!" படத்தை போனில் அனுப்பி மாமியிடம் கேட்டோம். "மாஷா அல்லாஹ், எவ்வளவு அடக்கமான புள்ள" என்றாள். ஊரான் வீட்டுப் பெண் முகம் என்றால் காக்கா எச்சம் போடாது போல.

எங்களுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. அதை எங்கே வைப்பது? வலது கையில் வாள் இருக்கிறதே. குமரேசன் இடது கையில் சீப்பைக் கொடுத்துவிட்டான். சண்டைக்குப் போகிற வழியில் தலை வாரிக்கொள்வாள் போல.

உங்களுக்கு ரஸியா சுல்தானாவைத் தெரியும்தானே? சீரியலில் இல்லை, நிஜத்தில். நான் பத்தாவது வரைதான், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான். ஏழாவதில் அவளுக்கு நாலு வரி இருந்தது. டெல்லியை ஆண்ட சுல்தான், மகன்கள் ஆகாதவர்கள் என்று மகளைத் தேர்ந்தெடுத்தார். அவள் ஆண் உடை போட்டுக்கொண்டு தர்பாரில் உட்கார்ந்தாள். பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. நாலு வருஷம் முழுசாக ஆளவிடவில்லை. அவ்வளவுதான். "இதுல ஒரு மார்க் கேள்விதான் வரும், அடிக்கோடு போட்டுக்கிடுங்க" என்றார் சரோஜினி டீச்சர். காசிலே அவள் பேர் போட்டு அடித்தாள் என்று புத்தகத்தில் இல்லாததை ஒன்று டீச்சராகச் சொன்னார். முகம் கிடையாதாம், பேர் மட்டும்தானாம். நான் கையைத் தூக்கினேன். "அப்போ அவ முகம் எப்படி டீச்சர் இருக்கும்?" "யாருக்கும் தெரியாது, உக்காரு" என்றார்.

சீரியலில் என்ன ஆனது என்றால், அந்த அப்பா, சிம்மாசனம், பிரபுக்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மீதி ஒரு வருஷமும், பேனரில் கடிவாளத்தோடு நிற்கிறானே, அந்தக் குதிரை லாயத்துக்காரனோடு காதல். அவனுக்குப் பதவி கொடுத்தாள் என்று பிரபுக்கள் புகைந்தார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை இழுத்து இருநூறு எபிசோடு. அவள் ஏதாவது ஓலையில் கையெழுத்துப் போடப் போவாள், காற்று அடிக்கும், எழுதுகோல் கீழே விழும், அவன் எடுத்துக் கொடுப்பான், பாட்டு வரும். அந்தக் கையெழுத்தை அவள் போட்டாளா இல்லையா என்று கடைசி வரை காட்டவில்லை அக்கா. ஒரு ராஜ்யம் பூரா கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது, இவள் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுகிறாள்.

நான் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன்தான். ஒரு நாள் விடவில்லை. கடைசி வாரம் அழுதேன்கூட.

எப்படியோ, ஜெயித்துவிட்டோம். நூற்றுப் பதினோரு ஓட்டு வித்தியாசம். ஓட்டுப் போட வந்த இரண்டு பெண்கள் பூத்துக்கு வெளியே என்னைத் தாண்டிப் போய் மச்சானிடம் கேட்டார்கள்: "எங்க அந்தப் புள்ள, வரலையா?" மச்சான் என்னைக் காட்டினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "இது இல்ல பாய். படத்துல இருக்குமே, அந்தப் புள்ள." உறுதிமொழி எடுத்த அன்று எல்லோருக்கும் முகத்தில் மாஸ்க், கொரோனா அப்போது முழுசாகப் போகவில்லை. அதனால் பேரூராட்சி ஆபீசிலும் என் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. அன்றைக்குப் பிறகு நான் போகவும் இல்லை. மச்சான்தான் போனார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். பாவம், எனக்காக எவ்வளவு அலைச்சல்! தாளெல்லாம் வீட்டுக்கு வரும், பிரிட்ஜ் மேல் வைப்பார், நான் கையெழுத்துப் போடுவேன். படிக்காமல் போட மாட்டேன் அக்கா. கடுகு வெடிக்கிற நேரத்துக்குள் ஒரு பக்கம் படித்துவிடுவேன்.

வீட்டுக்கு மனு கொண்டுவருகிறவர்களும் அதே கூத்துதான். வாசலில் நான் நிற்பேன். "அம்மா இல்லையா?" என்பார்கள். "நீ வேலைக்கு நிக்கிற புள்ளையா?" என்று கேட்டார் தைக்கா தெருவில் இருந்து வந்த ஒரு பெரியவர். "ஆமாய்யா, இந்த வீட்டுல எல்லா வேலையும் நான்தான்" என்றேன். பொய் இல்லையே? முதலில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. அப்புறம் பார்த்தால் அதில் ஒரு வசதி. ராஜாக்கள் மாறுவேடம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவார்களாமே, ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க. எனக்கு வேடமே தேவைப்படவில்லை. என் சொந்த முகமே மாறுவேடம்.

அப்படித்தான் சொர்ணத்தக்கா பேச்சைக் கேட்டேன். பால்வாடிக்கு வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஆயா அவள். இதோ மடியில் தூங்குகிறாளே என் மகள் அஸ்மா, அவளை அங்கேதான் விடுகிறேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு கக்கூஸ் இல்லை. பின்னால் கருவேல முள்ளுக்குள்தான் கூட்டிப் போக வேண்டும். முள்ளுக்குப் பயந்து அஸ்மா காலையிலிருந்து வீட்டுக்கு வரும் வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். போன நோன்பு முடிந்த வாரம் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் மூணு நாள். டாக்டரம்மா என்னைத் திட்டினாள்.

திரும்ப பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்ட அன்று சொர்ணத்தக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்ட்டத்தா போய்ச் சொல்ல? உங்க வார்டு கவுன்சிலரு ஒருத்தி இருக்காளாமே, போர்டுல பாத்தேன். குதிரையை விட்டு எறங்கவே மாட்டா போல. குதிரைக்காவது நின்ன எடத்துல போவலாம். இந்தப் பிள்ளைய என்ன செய்யும்?"

"நான் சொல்லிப் பாக்குதேன்க்கா" என்றேன்.

"நீ சொல்லி அவ கேக்கவா போறா?" என்றாள்.

அன்று இரவே, இல்லை இல்லை, சாயங்காலமே மச்சானிடம் சொன்னேன். "பாப்போம் பாப்போம்" என்றார். அடுத்த வாரம் பிரிட்ஜ் மேல் ஒரு தாள். தாளித்துக்கொண்டே படிக்கிறேன். எட்டாவது வார்டு உறுப்பினர் ஜெய்புன்னிஷா முன்மொழியும் தீர்மானம்: வார்டு நுழைவாயிலில் ரஸியா சுல்தானா அலங்கார வளைவு. இரண்டு பக்கமும் சிமெண்டுக் குதிரை. உச்சியில் சுல்தானா. கடுகு கருகிவிட்டது அக்கா.

விஷயம் என்னவென்றால், எங்கள் பேனர் ஜெயித்ததும் தெருப் பையன்கள் ரஸியா சுல்தானா இளைஞர் பேரவை என்று ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள். பதினெட்டுப் பேர். ஒருத்தன் வீட்டிலும் அக்கா தங்கச்சியைப் பத்தாவதுக்கு மேல் படிக்க அனுப்பவில்லை. ஆனால் ரஸியா என்றால் உயிர். வளைவு அவர்கள் கேட்டது. இந்த வருஷம் வார்டுக்கு ஏதாவது ஒரு வேலைக்குத்தான் இடம். வளைவு என்றால் கக்கூஸ் இல்லை.

"மச்சான், இது என்ன வளைவு?"

"உனக்குத்தான் ஜெய்பு. உன் பேருலதான் தீர்மானம். பெருமை இல்லையா?"

"பால்வாடிக்குக் கக்கூஸ்லா கேட்டேன்?"

"கக்கூஸு முன்னால நின்னு எவன் போட்டோ எடுப்பான்? வளைவுன்னா காலத்துக்கும் நிக்கும்."

"பிள்ளை காலத்துக்கும் அடக்கிக்கிட்டு நிக்குமா மச்சான்?"

"கூட்டத்துல நான் பாத்துக்கிடுதேன். நீ கையெழுத்தை மட்டும் போடு."

"எண்ணெய்க் கையா இருக்கு. அப்புறம் போடுதேன்" என்றேன். சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது. தாளை எடுத்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.

கூட்டத்தன்று அவர் அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டார். பத்தே முக்காலுக்கு போன். "ஜெய்பு, அந்தத் தாளை எடுக்க மறந்துட்டேன். யார்ட்டயாவது குடுத்துவிடு, சீக்கிரம்." நான் யாரிடம் கொடுத்துவிட? வீட்டில் யார் இருக்கிறார்கள்? பர்தாவைப் போட்டேன், ஆட்டோ பிடித்தேன், நானே கொண்டுபோனேன். வேறு எண்ணமெல்லாம் இல்லை அக்கா.

வாசலிலேயே எழுத்தர் ஞானதுரை மறித்தார். "மனுவா? திங்கக்கிழமை வாங்கம்மா."

"மனு இல்ல சார். எட்டாவது வார்டு."

"எட்டாவது வார்டு கவுன்சிலர் உள்ள உக்காந்திருக்காரு. நீங்க யாரு?"

"நான்தான் சார் கவுன்சிலர்."

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் எங்கள் வார்டு காலண்டர், அதிலும் அதே குதிரை, அதே வாள். காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காலண்டரைப் பார்த்தார். "நீங்க இல்லியேம்மா" என்றார்.

அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். பதினைந்து பேர் திரும்பினார்கள். மச்சான் என் நாற்காலியில் கையில் பிஸ்கட்டோடு இருந்தார். தலைவர் கேட்டார், "உதுமான் பாய், யாரு இது?"

மச்சான் எழுந்தார். உட்கார்ந்தார். "வீட்டுல" என்றார்.

"வீட்டுல சரி. கவுன்சிலரா?"

மச்சான் வாயில் பிஸ்கட் இருந்தது. ஞானதுரை சும்மா இருக்கவில்லை, பைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேலான தாள்கள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். என் கையெழுத்தில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் உண்டு, பல்லி வால் மாதிரி. பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கையெழுத்து சரியா இருக்குங்கய்யா. இவங்கதான்" என்றார். பதினைந்து பேருக்கும் என் பேர் தெரியும், பல்லி வால் தெரியும். முகம்தான் தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் எதற்கோ சரோஜினி டீச்சர் ஞாபகம் வந்தது.

"அப்போ இத்தனை நாளா இவரு?" என்றார் தலைவர்.

"நாற்காலி ஆறிப்போயிரக் கூடாதுன்னு உக்காந்திருந்தாங்கய்யா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை பார்த்தீங்களா?

மச்சான் எழுந்தார். எழுந்தவர் கைக்குட்டையை எடுத்து நாற்காலியை இரண்டு தட்டுத் தட்டினார். மெத்தைக் கடைப் பழக்கம், யாருக்கு இடம் கொடுத்தாலும் தட்டித்தான் கொடுப்பார். அப்புறம் வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் தாளைப் படித்தேன். என் தீர்மானத்தை நானே எதிர்க்கிறேன் என்றேன். ஆளாளுக்குச் சத்தம். "வளைவு வேணாம்னா சுல்தானாவை அவமதிக்கிற மாதிரி ஆயிரும்மா" என்று ஒரு உறுப்பினர் பயமுறுத்தினார். நான் கொஞ்சம் யோசித்தேன். "அவமதிக்கலைண்ணே. எனக்கு ஒரு சுல்தானா குடுத்தா நாளைக்கு மூணாவது வார்டு ஒரு ராஜா கேப்பாங்க. பத்தாவது வார்டு அதைவிட ஒசரமா ஒரு ராஜா கேப்பாங்க. எந்த ராஜா ஒசரம்னு தலைவர் அய்யாதான் தீர்ப்பு சொல்லணும். கக்கூஸ்னா அந்தச் சண்டை இல்ல. அதுல ஒசரம் தாழ்வு எவனும் பாக்க மாட்டான்" என்றேன்.

தலைவருக்கு வேர்த்துவிட்டது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே "கழிப்பறைன்னு மாத்திக்கிடுங்க" என்றார். ஒரே நிமிஷம்தான். பல்லி வால் போட்டேன்.

வீட்டில்தான் சங்கடம். மச்சான் மூணு நாள் கடையிலேயே படுத்துக்கொண்டார். சாப்பிட மட்டும் வந்தார். மாமி மட்டும், "எம் மவனை எழுப்பி விட்டுட்டியே" என்றாள். "நாற்காலி என்னுது மாமி" என்றேன். "அதுக்கு?" என்றாள். இளைஞர் பேரவை பதினெட்டுப் பேரும் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள், ரஸியாவுக்குத் துரோகம் என்று. கீழே அழுகிற பொம்மை. பிரபுக்களுக்கு என்றைக்குப் பொறுத்திருக்கிறது?

இப்போது கட்டி முடிந்தாச்சு அக்கா. பிள்ளைகள் உயரத்துக்கு இரண்டு, தண்ணீர்க் குழாயும் தாழ்வாக வைக்கச் சொன்னேன். திறப்பு விழா வரைக்கும் பிள்ளைகள் பொறுக்குமா? அஸ்மாவைக் கேட்டால் ஒரு நாளைக்கு ஏழு தடவை போகிறாளாம், வேடிக்கைக்கு. சொர்ணத்தக்கா என் கன்னத்தைத் தடவி, "அந்தக் குதிரைக்காரிக்கு ஒருவழியா கண்ணு தொறந்துட்டு. நீதான சொன்ன? நல்லா இருப்பத்தா" என்றாள். நான்தான் அவள் என்று சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமை திறப்பு விழா. பேனரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்குத்தான் தென்காசி போகிறேன், குமரேசன் கடைக்கு. இந்தத் தடவை என் முகம்தான். ஸ்டுடியோவில் இருபத்து மூணு படம் எடுத்தோம், முக்காடு ஒரு பக்கம் இறங்கிவிட்டது, கண் மூடிவிட்டது என்று. எனக்கு என்ன, முகம் தெரிய வேண்டும் என்று ஆசையா? ஜனங்களுக்கு உண்மை தெரிய வேண்டும். அவ்வளவுதான். மாமியிடம் கேட்கவில்லை. கக்கூஸ் திறப்பு பேனரில் காக்கா எச்சம் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும்.

குமரேசனுக்கு போனிலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தலையை மட்டும் எடுத்துவிடு, அங்கே என் தலையை வை. கழுத்துக்குக் கீழே அப்படியே இருக்கட்டும். சீப்பை எடுத்துவிடு, தேர்தல் முடிந்துவிட்டது. வாள் இருக்கட்டும். "கக்கூஸ் தொறக்கக் குதிரை எதுக்குக்கா?" என்கிறான். "பின்ன, ஆட்டோவுலயா வருவேன்?" என்றேன். நீங்களே சொல்லுங்க, ஜனங்கள் கண்ணுக்குக் குதிரை பழகிவிட்டது. திடீரென்று தரையில் நிறுத்தினால் யார் என்று கேட்க மாட்டார்களா?

இதோ ரயில் போயாச்சு. இருங்க, போன் அடிக்கிறது. மச்சான்தான். அவராகவே கூப்பிடுகிறார் பாருங்க! பஸ் சத்தத்தில் காதில் விழாது, ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்க.

"ஜெய்பு, கடைக்குப் போயிட்டியா?"

"இல்ல மச்சான், இப்பத்தான் கேட் தொறக்கான்."

"அந்த வட்டத்துக்குள்ள என் படம்..."

"எடம் இல்லைங்கான் மச்சான் குமரேசன். தேதி, நேரம், பால்வாடி டீச்சர் பேரு எல்லாம் வரணும்லா?"

பஸ் கிளம்பிவிட்டது அக்கா, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்க.

"மச்சான்? லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன். சரி, வட்டம் வேண்டாம் ஜெய்பு. அந்தக் குதிரைக்குப் பின்னால, கடிவாளத்தைப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தன் மங்கலா நிப்பாம்லா... அவன் தலையை எடுத்துட்டு என் தலையை வைக்கச் சொல்லேன்."